கேசட் ஏசியில் தண்ணீர் ஒழுகினால்: கேஜை மாட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நூலகம், பதிவு அலுவலகம், ஆஸ்பத்திரி காத்திருப்பு அறை என்று எங்கே போனாலும், ஃபால்ஸ் சீலிங்கில் பதித்த ஏதாவது ஒரு கேசட் ஏசிக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி உட்கார்ந்திருக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அடிக்கடி வரும் புகாரும் இதுதான். உடனே கேஜை (கேஸின் அழுத்தம் காட்டும் மீட்டர்) மாட்டி கேஸ் பார்க்கக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஒழுகலில் பெரும்பாலானவை டிரெயின், அதாவது தண்ணீரை வெளியேற்றும் வழியின் கோளாறு.

முதலில் ஒரு கணக்கு. 3 டன் மெஷின் என்றால் சுமார் 10.5 கிலோவாட் குளிர்ச்சி. புழுக்கமான கடலோர ஊரில் அதில் கால் பங்காவது காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்குவதற்கே போய்விடும். அப்படிப் பார்த்தால் மணிக்கு 4 லிட்டர் வரும். 8 மணி நேரம் விடாமல் ஓடினால் இரண்டு குடம். இத்தனை தண்ணீரும் ஒரு கையடக்க பம்ப் வழியாகத்தான் மேலேறி வெளியே போக வேண்டும்.

1. ஏணி போடுவதற்கு முன் விசாரியுங்கள்

எப்போது சொட்டுகிறது, எங்கே சொட்டுகிறது? பாதி வேலை இந்த இரண்டு கேள்வியிலேயே முடிந்துவிடும்.

ஏசி போட்ட கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்து, ஓட ஓட அதிகமானால் டிரெயின் அடைப்பு அல்லது பம்ப் கோளாறு. ஆஃப் செய்த பிறகு மடமடவென்று கொட்டினால் காயிலில் (காற்றைக் குளிர வைக்கும் குழாய்த் தொகுதி) ஐஸ் பிடித்து உருகுகிறது. யூனிட்டை விட்டுத் தள்ளி, சீலிங் பலகையில் பழுப்புக் கறை தெரிந்தால் பைப் வியர்க்கிறது, அல்லது ஜாயின்ட் விட்டிருக்கிறது. காற்று வரும் இறக்கையில் மட்டும் முத்து முத்தாக நின்றால், கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பொது அலுவலகத்தில் கதவு மூடியிருப்பதே அபூர்வம்.

2. கரண்டை நிறுத்துங்கள்

ரிமோட்டில் ஆஃப் செய்வது போதாது. எம்சிபியை (மின் பேனலில் உள்ள பிரேக்கர் ஸ்விட்ச்) இறக்கி, டெஸ்டரால் பார்த்து, பேனலில் 'ஆள் வேலை செய்கிறார்' என்று அட்டை தொங்கவிடுங்கள். வீட்டில் யாரும் எம்சிபியைத் தொட மாட்டார்கள். அலுவலகத்தில் ஏசி நின்றுவிட்டதென்று யாராவது ஒருவர் போய் ஏற்றிவிடுவார்.

3. ஃபில்டர், காயில்

கிரில்லை இறக்கி ஃபில்டரைக் கழுவுங்கள். கூட்டம் வரும் ஹாலில் 15 நாளுக்கு ஒரு முறை கழுவினால்தான் சரிவரும். ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், காயில் 0 டிகிரிக்குக் கீழே போகும், ஐஸ் கட்டும். அந்த ஐஸ் உருகும்போது, கீழே தண்ணீர் பிடிக்கும் டிரேக்கு வெளியேயும் விழும்.

காயிலைக் காற்று போகும் திசைக்கு எதிர்த்திசையில், குறைந்த பிரஷரில் கழுவ வேண்டும். ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டும் வேண்டாம். காயிலின் அலுமினியத் தகடுகளை (ஃபின்) அரித்துவிடும்.

4. டிரே, பம்ப், ஃபுளோட்

டிரேயின் அடியில் ஒரு ரப்பர் அடைப்பான் இருக்கும். கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு அதைப் பிடுங்கி முதலில் தண்ணீரை வடியுங்கள். டிரே உள்ளுக்குள் தெர்மோகோல்தான். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் விரிசல் விடும், அப்புறம் அதுவே புது ஒழுகல்.

பம்பைக் கழற்றிப் பார்த்தால் விசிறியைச் சுற்றி ஜெல்லி மாதிரி வழுவழுப்பான பாசி பிடித்திருக்கும். பழைய டூத் பிரஷ் போதும், தேய்த்துக் கழுவி மாட்டுங்கள். சுத்தமாக இருந்தும் சுற்றவில்லையா? கனெக்டரில் வோல்டேஜ் வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். வந்தும் சுற்றாவிட்டால் பம்பை மாற்ற வேண்டியதுதான்.

ஃபுளோட் ஸ்விட்சைக் கையால் தூக்கி இறக்குங்கள். மீட்டரில் கன்டினியுட்டி (இணைப்பு இருக்கிறதா இல்லையா என்பது) மாற வேண்டும். டிரே நிரம்பினால் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்வது இதுதான். 'எரர் வருது' என்று இதை ஷார்ட் செய்துவிட்டுப் போகும் பழக்கம் உண்டு. அப்படிச் செய்த இடத்தில் எரர் வராது, சீலிங் பலகைதான் இடிந்து விழும்.

5. பைப்பின் வாட்டம்

அதிகத் தவறு நடக்கும் இடம் இது. பம்பிலிருந்து பைப் நேராக மேலேறி (எவ்வளவு உயரம் என்பது அந்த மாடலின் மேனுவலில் இருக்கும்), அங்கிருந்து வெளியே போகும்வரை இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மீட்டருக்கு 1 செ.மீ. இறக்கம் குறைந்தபட்சம். 10 மீட்டர் ஓடினால் 10 செ.மீ. இறங்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் அவ்வளவு இடம் இருக்காது, நடுவில் பீம் வேறு வரும். பைப் போட்டவர் பீமுக்கு அடியில் வளைத்து மறுபடி மேலே ஏற்றியிருப்பார். அந்தத் தொப்பையில் தண்ணீர் நின்று, சேறு படிந்து, ஒரு நாள் அடைத்துக்கொள்ளும். எத்தனை தடவை பம்ப் மாற்றினாலும் இது தீராது.

ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒன்று முதல் ஒன்றரை மீட்டருக்கு ஒரு கிளாம்ப் இல்லாவிட்டால் பைப் தொய்யும். அடைப்பை எடுக்க வெளி முனையில் வெட் வாக்கூம் (தண்ணீரையும் உறிஞ்சும் மெஷின்) வைத்து இழுங்கள். நைட்ரஜன் பிரஷரால் ஊதினால் சீலிங்குக்குள் எந்த ஜாயின்ட் கழன்றது என்று தேடுவதே தனி வேலையாகிவிடும்.

பைப் உறையையும் தடவிப் பாருங்கள். 33 டிகிரி வெயில், 70 சதவீத ஈரம் என்றால் சுமார் 27 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பும் வியர்க்கும். உறையில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் சொட்டும்.

6. ஊற்றிப் பார்க்காமல் மூடாதீர்கள்

நீள மூக்கு பாட்டிலில் 1 லிட்டர் தண்ணீர் எடுத்து, கரண்ட் பாகங்களில் படாமல், டிரேக்குள் மெதுவாக ஊற்றி, கூலிங் மோடில் ஓடவிடுங்கள். ஒருவர் வெளி முனையில் நிற்கட்டும். அங்கே தண்ணீர் வந்த பிறகுதான் கிரில்லை மாட்ட வேண்டும்.

7. இப்போது கேஜ்

ஃபில்டரும் காயிலும் சுத்தமாக இருந்து, ப்ளோயரும் (காற்றைத் தள்ளும் ஃபேன்) சரியாக ஓடி, பிறகும் ஐஸ் பிடித்தால் மட்டும் கேஸ் பாருங்கள். காயில் 0 டிகிரியில் இருக்கும்போது சக்‌ஷன் பிரஷர் (கம்ப்ரசருக்குத் திரும்பும் கேஸின் அழுத்தம்) ஆர்-22 கேஸுக்கு சுமார் 58 பிஎஸ்ஐ, ஆர்-410ஏக்கு 101, ஆர்-32க்கு 103. ஓடும்போது அதற்குக் கீழே இருந்தால் ஐஸ் பிடிக்கத்தான் செய்யும். லீக்கைக் கண்டுபிடித்து அடைக்காமல் டாப்-அப் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். ஆர்-32 தீப்பற்றக்கூடியது, பிரேசிங் (தீயால் சூடாக்கிக் குழாயை ஒட்டுவது) வைப்பதற்கு முன் கேஸை முழுதாக மீட்டெடுத்து, நைட்ரஜனால் லைனைச் சுத்தம் செய்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

டக்டபிள் யூனிட் என்றால்

சீலிங்குக்கு மேலே மறைவாக இருந்து, டக்ட் வழியாகக் காற்று அனுப்பும் ஏசி இது. இதில் பல மாடல்களில் பம்ப் கிடையாது, பிரச்சினையும் வேறு. ப்ளோயர் காயில் வழியாகக் காற்றை இழுப்பதால் டிரே இருக்கும் பெட்டிக்குள் உறிஞ்சல் இருக்கும். டிரெயினில் யு ட்ராப் (தண்ணீர் நிற்கும் யு வடிவ வளைவு) இல்லாவிட்டால் வெளிக்காற்று பைப் வழியாக உள்ளே வந்து தண்ணீரைத் தடுத்து நிறுத்திவிடும். அடைப்பே இல்லாமல் டிரே நிரம்பி வழிவது இதனால்தான். உள்ளே உறிஞ்சல் 50 மி.மீ. தண்ணீர் அளவு என்றால், டிரே வாயிலிருந்து ட்ராப்பின் வெளி வாய் 75 மி.மீ. கீழே இருக்க வேண்டும். ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் அதில் பாதி ஆழமாவது வேண்டும். பல மாதம் ஓடாமல் கிடந்த யூனிட்டில் இந்தத் தண்ணீர் வற்றியிருக்கும். முதலில் ஒரு மக் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டு ஃபேனைப் போடுங்கள்.