பழைய ஜெட் விமானப் படம் கிடைத்தால் துடைக்கும் முன் பார்க்க வேண்டியவை

பிரேம் போட்ட பழைய ஜெட் விமானப் படம் ஒன்று கையில் வந்து சேர்ந்தால் யாருக்கும் முதலில் துணியை எடுத்துத் துடைக்கத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பிரேமைத் திறக்கும் முன்பே, கண்ணாடி இருக்கிறபடியே, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். பிறகு ஏதாவது கிழிந்தால் இதுவாவது மிஞ்சும்.

அப்புறம், எந்த விமானம் என்று பாருங்கள். இன்ஜின் எங்கே இருக்கிறது என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். நான்கு இன்ஜின்களும் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் புதைந்திருந்தால் பிரிட்டனின் டி ஹாவிலண்ட் காமெட். பக்கத்துக்கு ஒன்றுதான் புதைந்திருக்கிறது, மூக்கு நுனியும் கண்ணாடி என்றால் 1956இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய சோவியத்தின் டூ-104. வால்பக்கம் இரண்டு இன்ஜின், முக்கோண ஜன்னல் என்றால் பிரான்சின் கேரவல். நான்கும் இறக்கைக்குக் கீழே தொங்கினால் பெரும்பாலும் போயிங் 707 அல்லது டக்ளஸ் டிசி-8. இந்த இரண்டில்தான் பலரும் குழம்புவார்கள். மூக்குக்கு அடியில் நாசித் துவாரம் போல இரண்டு ஓட்டைகள் தெரிந்தால் டிசி-8. வால் துடுப்பின் உச்சியிலிருந்து ஈட்டி மாதிரி ஒரு ஆன்டெனா முன்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் 707.

காமெட் என்றால் இன்னும் கிட்டே போய்ப் பாருங்கள், அதில் தேதிக்கான தடயம் நிறைய இருக்கிறது. 1949 ஜூலை 27 அன்று பறந்த முதல் மாதிரிக்கு இறக்கைக்கடியில் பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய சக்கரம். பயணிகளை ஏற்றிய காமெட்களில் அந்த இடத்தில் நான்கு சிறிய சக்கரங்கள். ஜன்னல்கள் சதுரமாக இருந்தால் அது ஆரம்பகாலத்து காமெட். 1954இல் இரண்டு காமெட்கள் நடுவானில் சிதறி, உலோகச் சோர்வுதான் (அழுத்தம் திரும்பத் திரும்ப ஏறி இறங்கி உலோகம் விரிசல் விடுவது) காரணம் என்று தெரிந்த பிறகு, 1958இல் வந்த காமெட் 4இல் அந்தச் சதுரம் கிடையாது. உடலில் உள்ள பதிவு எழுத்துகளையும் லென்ஸ் வைத்துப் படியுங்கள். உதாரணத்துக்கு ஜி-ஏஎல்ஒய்பி என்று இருந்தால், 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு முதல் ஜெட் பயணிகள் சேவையாகக் கிளம்பிய விமானமே அதுதான். 1954 ஜனவரி 10 அன்று எல்பா தீவருகே கடலில் விழுந்ததும் அதேதான். ஆக, படம் அந்தத் தேதிக்கு முன்னால் எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

எடுத்தது அப்போது, சரி. பிரதி போட்டது எப்போது? அது வேறு கேள்வி. பத்து மடங்கு லென்ஸில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்த படம், காலண்டரிலிருந்தோ பத்திரிகையிலிருந்தோ வெட்டியிருப்பார்கள். கருப்பான இடங்களின் ஓரத்தில், சாய்த்துப் பார்க்கும்போது நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு வந்தால் நல்ல சேதி, வயதான வெள்ளிப் பிரதி, அதாவது வெள்ளி உப்பு பூசிய தாளில் போட்ட கருப்பு-வெள்ளைப் படம், அப்படித்தான் மின்னும். தாளின் பின்பக்கம் பிளாஸ்டிக் போல வழவழவென்று இருந்தால் அது 1950களின் பிரதி அல்ல, பிற்பாடு போட்டது.

திறக்கும்போது படத்தைக் குப்புற வைத்து, அடியில் மெத்தென்று ஒரு துணி விரித்து, ஆணிகளை ஒவ்வொன்றாகக் குறடால் எடுங்கள். படம் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதா? அங்கேயே நிறுத்துங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு இழுத்தேன், விமானம் என் கையில் வந்தது, வால் மட்டும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. ஒட்டியதைக் கண்ணாடியோடே ஸ்கேன் செய்துவிட்டு, பிரிப்பதைப் புகைப்படப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

படத்தின் முதுகுதான் உண்மையான புதையல். பத்திரிகை முத்திரை, டைப் அடித்து ஒட்டிய சீட்டு, பென்சிலில் கிறுக்கிய எண் எதையும் அழிக்காதீர்கள், உரிக்காதீர்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்பலகையைத் தூக்கிப் போட்டாலும் அதில் ஒட்டியிருக்கும் கடை லேபிளை எடுத்து வையுங்கள்.

திரும்பப் போடும்போது படத்தைச் சுற்றி வைக்கும் பழைய மவுண்ட் அட்டை வேண்டாம். வெட்டிய ஓரம் பழுப்பாகியிருந்தால் அதன் அமிலம் படத்தையும் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அமிலமில்லாத அட்டை வாங்குங்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி விடுவதும் அதே மவுண்ட்தான், அதனால் அதைத் தவிர்க்காதீர்கள். பசையும் செலோ டேப்பும் கூடவே கூடாது, நான்கு மூலையிலும் படத்தைச் செருகிக்கொள்ளும் காகித மூலைகள் போதும். பழைய பிரேம் கெட்டியாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடி துடைக்கும் திரவத்தைப் பிரேம் கண்ணாடியின் மேல் நேராகத் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடையுங்கள், இல்லாவிட்டால் பிரேமின் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். வெயில் படும் சுவரும் ஈரம் ஏறும் சுவரும் வேண்டாம். வண்ணப் படமாக இருந்தால் சாயம் சீக்கிரம் வெளுக்கும், அதனால் நல்ல பிரதி ஒன்று போட்டு அதைச் சுவரில் மாட்டிவிட்டு, அசலை அமிலமில்லாத உறையில் போட்டு அலமாரிக்குள் வைத்துவிடுங்கள்.