எக்ஸ்கோரியேட்: தோலை உரிக்கும் வினைச்சொல்லைப் பழகுவது எப்படி?

ஆங்கிலத் தலையங்கங்களில் 'எக்ஸ்கோரியேட்' என்ற வினை அவ்வப்போது கண்ணில் படும். மிகக் கடுமையாகக் கண்டிப்பது என்று பொருள். சொல்லும்போது அழுத்தம் 'கோ'வில் விழ வேண்டும்.

முதலில் வேரைப் பிடியுங்கள். லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே. 'கோரியம்' என்றால் தோல். பிரெஞ்சு படித்த புதுச்சேரிக்காரர்களுக்கு இது எளிது. தோலைக் குறிக்கும் 'குயிர்' என்ற சொல்லும் அந்தக் கோரியத்திலிருந்து வந்ததுதான். கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பெரிய மார்க்கெட்டில் கிளாத்தி மீன் வாங்குங்கள். மீன் அரியும் அம்மா தலைப்பக்கம் ஒரு கீறல் போட்டு, தடித்த தோலின் நுனியை இறுக்கிப் பிடித்து இழுப்பார். வெள்ளைச் சதை மட்டும் மிஞ்சும். அந்த இழுப்புத்தான் இந்த வினை. தோல் மருத்துவர்களும் சொறிந்து உண்டான புண்ணுக்கு இதன் பெயர்ச்சொல்லையே எழுதுகிறார்கள்.

அடுத்த படியில்தான் நான் இடறினேன். ஒரு விசாரணைக் குழு அதிகாரிகளை 'எக்ஸ்கோரியேட்' செய்தது என்ற வரியை மொழிபெயர்க்கும்போது, வேர் கைக்கு வந்துவிட்ட மகிழ்ச்சியில் 'தோலுரித்துக் காட்டியது' என்று எழுதிவிட்டேன். தமிழில் தோலுரித்துக் காட்டினால் வேடம் கலைகிறது, மறைத்தது வெளியே வருகிறது. ஆங்கில வினையில் எதுவும் அம்பலமாக வேண்டியதில்லை. ஊரறிந்த தவறுக்காகவும் ஒருவரைச் சொல்லால் உரிக்கலாம். என் வரி அப்படியே அச்சேறியிருந்தால், குழு புதிதாக ஏதோ மோசடியைக் கண்டுபிடித்தது என்றே வாசகர் நம்பியிருப்பார். 'கடுமையாகச் சாடியது' என்பதே சரி.

இனி வாக்கியம். சாடப்படும் ஆளோ நூலோ வினையை ஒட்டியே வர வேண்டும். காரணத்துக்கு முன் 'ஃபார்' வரும். 'தி கோர்ட் எக்ஸ்கோரியேட்டட் தி போலீஸ் ஃபார் தி டிலே.' வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை அம்மா அதட்டுவதற்கு இது வேண்டாம், 'ஸ்கோல்ட்' போதும்.

கைப்பேசிச் செயலி தரும் ஒற்றைச் சொல்லை நம்பாதீர்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருப்பதால் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதிதான் என் தேர்வு.

பின்சேர்க்கை: கடலூரிலிருந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர், 'எக்ஸானரேட்' என்பதோடு இது குழம்புகிறது என்று எழுதியிருந்தார். அது பழியிலிருந்து விடுவிப்பது, ஏறக்குறைய எதிர்ப்பொருள். லத்தீனில் 'ஓனஸ்' என்றால் சுமை. அதை இறக்கிவைப்பதுதான் 'எக்ஸானரேட்'. விடைகளில் இரண்டும் சேர்ந்து வந்தால் 'கோரி' எதில் இருக்கிறது என்று தேடுங்கள்.