மதுரை மல்லி மணக்கும் ஸ்பார்க்லிங் ஒயின் பானம்: வீட்டில் செய்யும் முறை

மல்லிகையின் வாசனையை ஒரு கண்ணாடிக் குவளைக்குள் கொண்டுவர நினைப்பவர்கள் பெரும்பாலும் பூவை அடுப்பில் ஏற்றிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சர்க்கரைப் பாகு கொதித்துக்கொண்டிருந்தபோதே இரண்டு கைப்பிடி மல்லிப்பூவை அதில் போட்டு மூடி வைத்தேன். பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்தால் கீரை வெந்த வாடைதான் வந்தது. பூக்கள் தேயிலைச் சக்கையைப் போலப் பழுப்பேறிக் கிடந்தன. பாகு அடிநாக்கில் கசந்தது. மல்லிகையின் மணத்துக்குக் காரணமான பென்சைல் அசிடேட், லினலூல் போன்றவை எளிதில் ஆவியாகிவிடும் பொருள்கள் என்பதால், சூடு பட்டதும் அவை சமையலறை முழுவதும் பரவிவிடுகின்றன. பாத்திரத்தில் எஞ்சுவது இலையின் வாடையும் காம்பின் கசப்பும்தான். ஆகவே இங்கே சொல்லப்போகும் முறையில் பூவுக்கு நெருப்பே கிடையாது. மொட்டு தானாக விரிகிற இரவு நேரத்தில், அதன் மணத்தைச் சர்க்கரையில் பிடித்துவைத்துக்கொள்கிறோம்.

பூ மணமும், குமிழ் பொங்கும் ஸ்பார்க்லிங் ஒயினும் சேர்ந்த பானங்களில் இன்று உலகெங்கும் பரவலாக அறியப்படுவது ஹியூகோ. 2005-ஆம் ஆண்டு இத்தாலியின் வட எல்லையில் உள்ள தென் டிரோல் பகுதியில் அது உருவானது. புரோசெக்கோ என்னும் இத்தாலிய ஸ்பார்க்லிங் ஒயின், எல்டர் பூவின் பாகு, சோடா, புதினா ஆகியவை அதில் சேரும். எல்டர் நம் ஊரில் வளராத செடி. அதன் பாகைப் பெருநகரக் கடைகளில் தேடி அதிக விலைக்கு வாங்குவதைவிட, 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியைக் கொண்டு அதே முறையில் செய்வது எனக்குச் சரியாகப் படுகிறது. மல்லியின் மணம் எல்டரைவிடக் கனமானது. எனவே அளவைக் குறைத்துப் பயன்படுத்த வேண்டும்.

பூவைப் பற்றி

பூ எங்கிருந்து வருகிறது என்பதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் உதிரிப்பூவாகக் குவிந்து கிடக்கும் மல்லி தலைக்கும் மாலைக்கும் வளர்க்கப்பட்டது. மொட்டுப்புழுவிடமிருந்து காப்பாற்ற அதற்குப் பூச்சிமருந்து தெளிக்கிறார்கள். ஒருமுறை அங்கே பூ விற்றுக்கொண்டிருந்த பெண்மணியிடம், "அக்கா, மருந்து அடிக்காத பூ கிடைக்குமா?" என்று கேட்டேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தம்பி, மருந்து அடிக்காம மொட்டு தேறாது. திங்கிறதுக்குன்னா வீட்டுச் செடியில பறிச்சுக்கங்க" என்றார். அந்த அறிவுரையை நான் அப்படியே கடைப்பிடிக்கிறேன். மருந்தைக் கழுவிவிடலாம் என்று எண்ண வேண்டாம். கழுவினால் மணம் குறையும், மருந்து முழுவதும் போய்விட்டது என்ற உறுதியும் இருக்காது. மொட்டை மாடித் தொட்டியிலோ வாசலிலோ வளரும் குண்டுமல்லிச் செடியே போதும். கார்த்திகையில் கவாத்து செய்துவிட்டால் பங்குனி முதல் நன்றாகப் பூக்கும். இந்தப் பானத்துக்கான வெயில் காலமும் அதுதான் என்பது நமக்கு வசதி.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. வெள்ளையாக இருப்பதாலோ மணமாக இருப்பதாலோ எல்லாப் பூவும் உண்ணத் தகுந்தது ஆகிவிடாது. சந்தையில் மல்லிக்குப் பக்கத்துக் கூடையிலேயே இருக்கும் அரளி நச்சுத்தன்மை உள்ளது; அதன் ஒரு இதழ்கூடக் குவளையின் அருகில் வரக் கூடாது, அலங்காரத்துக்கும் கூடாது.

மல்லிச் சர்க்கரையும் பாகும்

காலையில் வெயில் ஏறுமுன், அன்று மாலை விரியப்போகும் மொட்டுகளைப் பறிக்க வேண்டும். பச்சைச் சாயல் நீங்கி, பால் வெள்ளையாகத் திரண்டு, நுனி இறுக மூடியிருப்பவையே அவை. ஏறக்குறைய நாற்பது மொட்டுகளை வாழையிலைத் துண்டிலோ ஈரத்துணியிலோ பொதிந்து நிழலில் வைத்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு வெள்ளைத் துணி ஒன்றின் மேல் பரப்பி மெல்ல உதறினால், உள்ளே இருக்கும் சிறு பூச்சிகள் துணியில் விழுந்துவிடும். பிறகு ஒவ்வொரு மொட்டின் அடியிலும் உள்ள பச்சைப் புல்லிவட்டத்தைக் காம்போடு சேர்த்துக் கிள்ளி எடுக்க வேண்டும். கசப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது என்பதால், இந்த வேலையில் சோம்பல் கூடாது.

ஏழு, எட்டு மணி அளவில் தட்டில் கிடக்கும் மொட்டுகளின் நுனி தளர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக இதழ் பிரியத் தொடங்கும். அறைக்குள் நுழைந்ததுமே மணம் முகத்தில் வந்து மோதும் அந்த நேரம்தான் நமக்கு வேண்டியது. வாயகன்ற கண்ணாடிப் பாட்டிலை ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு, 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் பாதியைப் போட்டு, அதன்மேல் விரிந்த பூக்களைப் பரப்பி, மீதிச் சர்க்கரையால் மூடி, காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ உடலுக்கு நல்லது என்று சேர்க்க விரும்புவோர் உண்டு. அவற்றின் சொந்த மணம் மல்லியை விழுங்கிவிடும் என்பதால் இங்கே வெள்ளைச் சர்க்கரைதான் சரி. எறும்பு தேடி வரும். பாட்டிலைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வைத்துவிட்டால் கவலையில்லை.

பத்து மணி நேரத்துக்கு மேல் பூவைச் சர்க்கரையில் விட்டுவைக்கக் கூடாது. மல்லியில் இண்டோல் என்றொரு பொருளும் இருக்கிறது. மிகச் சிறிய அளவில் இருக்கும்வரை அதுதான் மல்லியின் மயக்கும் இனிமைக்கு ஆழம் தருகிறது; அளவு மிஞ்சினால் துணிப்பெட்டியில் போடும் பாச்சா உருண்டையை நினைவூட்டும். ஆகவே காலையில் இதழ்கள் பழுப்பேறும் முன்பே சர்க்கரையைச் சலித்துப் பூவை அகற்றிவிட வேண்டும். சர்க்கரை சற்று ஈரமாகக் கட்டிபட்டிருக்கும், அது இயல்புதான். அன்று மாலை புதிய பூவுடன் அதே சர்க்கரையை மீண்டும் அடுக்க வேண்டும். மூன்று இரவுகள் இப்படிச் செய்தபின் பாட்டிலைத் திறந்து முகர்ந்தால், ஒரு பூக்கூட உள்ளே இல்லாதபோதும் பூக்கடை வாசலில் நிற்பதுபோல் இருக்கும்.

இந்தச் சர்க்கரையுடன், கொதிக்கவைத்து முற்றிலும் ஆறிய 100 மில்லி தண்ணீரைச் சேர்த்துக் கலக்கினால் சூடில்லாமலே கரைந்துவிடும். மதுரை வெயிலில் அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. மெல்லிய துணியில் வடிகட்டினால் சுமார் 160 மில்லி பாகு கிடைக்கும். குவளைக்கு 15 மில்லி வீதம் பத்துக் குவளைக்கு அது போதும்.

ஒயினும் குளிரும்

தமிழ்நாட்டில் மதுவின் கடை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. வாங்குபவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஸ்பார்க்லிங் ஒயின் எல்லாக் கடைகளிலும் இருக்காது. எலைட் எனப்படும் அதன் உயர்ரகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்தில் செய்யப்படுவதற்கு மட்டுமே ஷாம்பெயின் என்ற பெயர் உரியது. அவ்வளவு செலவு செய்து வாங்கிய ஒயினில் பாகு கலப்பது வீண். மகாராஷ்டிரத்தின் நாசிக் வட்டாரத்திலேயே ஸ்பார்க்லிங் ஒயின் தயாராகிறது, அதுவே இதற்குத் தாராளமாகப் போதும். பாட்டிலில் பிரூட் என்று எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை உள்ள வகை அது. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது: எக்ஸ்ட்ரா டிரை என்ற வகை பிரூட்டைவிட இனிப்பானது, டெமி செக் அதைவிட மிகவும் இனிப்பானது. நாம் பாகு சேர்க்கப்போவதால் ஒயின் புளிப்பாக இருந்தால்தான் சமநிலை கிடைக்கும்.

இந்த வகைப் பாட்டிலுக்குள் 5 முதல் 6 வளிமண்டல அழுத்தம் வரை இருக்கலாம். கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். சூடான திரவத்தில் கரியமில வாயு நிற்காது என்பதால், சித்திரை வெயிலில் வண்டியில் குலுங்கி வந்த பாட்டிலை உடனே திறந்தால் பாதி தரையில்தான் போகும். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் குறைந்தது நான்கு மணி நேரம் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து மறந்துவிட்டால் பாட்டில் வெடிக்கக்கூடும். அவசரமென்றால் ஒரு வாளியில் ஐஸ், தண்ணீர், இரண்டு கைப்பிடி கல் உப்பு போட்டு அரை மணி நேரம் கழுத்தளவு அமிழ்த்தி வைக்கலாம். 6 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்திருந்தால் போதும்.

திறக்கும்போது கட்டைவிரல் கார்க்கை விட்டு விலகவே கூடாது. மேலே சுற்றியுள்ள தகடுத்தாளை உரித்து, கம்பிக்கூட்டின் வளையத்தைப் பொதுவாக ஆறு அரைச் சுற்றுகள் திருகினால் அது தளரும். பாட்டிலை 45 பாகை சாய்த்து, யார் முகத்தையும் விளக்கையும் நோக்காமல், கார்க்கை ஒரு கையால் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுகையால் பாட்டிலின் அடிப்பாகத்தை மெதுவாகத் திருப்ப வேண்டும். கார்க் வெளியே வர முட்டும்போது அதை எதிர்த்து அழுத்திப் பிடித்தால், பெருமூச்சு விடுவதுபோல் மெல்லிய ஓசையுடன் திறக்கும். வெடிச் சத்தத்துடன் திறந்தால் அதனுடன் சேர்ந்து வாயுவும் போய்விடுகிறது.

கலக்கும் வரிசை

உயரமான குறுகிய கண்ணாடிக் குவளைகளைச் சோப்பு வாடை சற்றும் இல்லாமல் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். சோப்பு ஒட்டியிருந்தால் நுரை நிற்காது. ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு மேசைக்கரண்டி பாகும், ஒரு தேக்கரண்டி புதிதாகப் பிழிந்து வடிகட்டிய எலுமிச்சைச் சாறும் விட்டுக் கலக்கிக்கொள்ள வேண்டும். பிறகு குவளையைச் சாய்த்து, அதன் பக்கவாட்டில் வழியுமாறு 120 மில்லி ஒயினை இரண்டு தவணையாக ஊற்ற வேண்டும். முதல் தவணையில் பாகின் மேல் பட்டதும் நுரை சட்டென்று விளிம்புவரை ஏறும். அது அடங்கும்வரை பொறுத்திருந்து மீதியை ஊற்றினால் சிந்தாது. நீளமான கரண்டியை அடிவரை இறக்கி ஒரே ஒரு முறை மேலே தூக்கினால் பாகு கலந்துவிடும். அதற்குமேல் கிளறினால் குமிழ்கள் போய்விடும். 750 மில்லி பாட்டிலில் இப்படி ஆறு குவளை கிடைக்கும்.

ஐஸ் கட்டி போடுவதை நான் விரும்புவதில்லை, உருகி நீர்த்துவிடும். அதற்குப் பதிலாகக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைக் கழுவித் துடைத்து, முந்தைய நாளே ஃப்ரீசரில் வைத்து, குவளைக்கு நான்கைந்து போடுகிறேன். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் திராட்சை குளிரைப் பிடித்துவைத்திருப்பதோடு, மெல்ல இளகும்போது தோலின் ஊதா நிறத்தை அடியில் இலேசாகக் கசியவிடும். விதை இருப்பதை விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மேலே, அன்று மாலை விரிந்த வீட்டு மல்லி ஒன்றை மட்டும் மிதக்கவிடலாம். சந்தையில் வாங்கிய சரத்தை வீணாக்க வேண்டியதில்லை. மேசையின் நடுவில் ஒரு தட்டில் வைத்தால், குடிக்கும்போது மூக்குக்கு வேண்டிய மணத்தை அதுவும் தரும்.

மல்லிச் செடி இல்லாதவர்கள், வீட்டில் வளரும் பன்னீர் ரோஜாவின் இதழ்களை இதே முறையில் சர்க்கரையில் அடுக்கலாம். நன்னாரி சர்பத்தும் பொருந்தும். அதன் வேரில் வனிலாவை ஒத்த மணம் இருப்பதால் பானம் சற்றுக் கனமாகும். பாகின் அளவை இரண்டு தேக்கரண்டியாகக் குறைத்து எலுமிச்சையைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒயின் பொதுவாக 12 சதவீத ஆல்கஹால் உள்ளது. ஒரு குவளையில் ஏறக்குறைய 11 கிராம் சேரும். இனிப்பும் பூ மணமும் அதை நாக்குக்குத் தெரியாமல் மறைத்துவிடுவதால், விருந்து கொடுப்பவர் கணக்கு வைத்துப் பரிமாறுவது அவசியம். வண்டி ஓட்டப்போகிறவர்களுக்கும், கருவுற்றிருப்பவர்களுக்கும், மருந்து உட்கொள்பவர்களுக்கும், குடிப்பழக்கம் இல்லாத பெரியவர்களுக்கும் அதே பாகையும் எலுமிச்சையையும் நன்கு குளிர்ந்த சோடாவில் கலந்து, அதே குவளையில், அதே திராட்சையுடன் கொடுக்கலாம். என் வீட்டில் அம்மாவுக்கு எப்போதும் இதுதான். அவருக்காக எலுமிச்சைச் சாற்றில் ஒரு சிட்டிகை உப்பும் சேர்ப்பேன்.

மிச்சமான ஒயினை அழுத்தமாக மூடும் அடைப்பான் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் வரை குமிழ் ஓரளவு நிற்கும். பாட்டில் வாயில் கரண்டியைத் தொங்கவிட்டால் வாயு போகாது என்பது வெறும் நம்பிக்கை. மல்லிப் பாகு சம அளவு நீர் சேர்ந்தது என்பதால் வெளியில் வைத்தால் புளித்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் பத்து நாள் வைக்கலாம், ஆனால் நான்காம் நாளிலிருந்தே மணம் குறையத் தொடங்கும். அதனால் நான் மல்லிச் சர்க்கரையைச் சர்க்கரையாகவே இறுக மூடி வைத்துக்கொண்டு, விருந்தினர் வரும் அன்று மாலைதான் தண்ணீர் சேர்க்கிறேன்.