ஹப்புத்தளைப் பக்கம் கூடாரம் போட வருகிறவர்களுக்கு

கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் உறவுக்காரர்கள் தொலைபேசியில் அழைத்தால் முதலில் கேட்பது, எந்தக் கூடாரம் வாங்கலாம் என்றுதான். எந்த மாதம் வருகிறீர்கள், எந்தச் சரிவில் படுக்கப்போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்த இரண்டுக்கும் பதில் சரியாக இருந்தால் இரவல் கூடாரமே போதும். இந்த மலையில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

முதலில் மாதம். ஹப்புத்தளை முகட்டில் இருக்கிற ஊர். மேற்கே நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் நனையும்போது, கிழக்கே எங்கள் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். அந்தக் காய்ந்த காற்றுதான் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு அதன் மணத்தைத் தருகிறது. அதே காற்று முகட்டில் போட்ட கூடாரத்தை முளையோடு பிடுங்கிக்கொண்டும் போகும். அந்தக் காலத்தில் வருவதானால் முகட்டை விட்டுக் கீழே, காற்றுக்கு மறைவான இடத்தில் தங்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரவே வேண்டாம். முதலில் இடைப்பருவ மழை, பிறகு வடகீழ் மழை, இரண்டும் இந்தப் பக்கத்தில் கொட்டும். ஜனவரியையும் நம்ப முடியாது. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பிற்பகலில் இடி மின்னல் வரும், வெட்டவெளி முகட்டில் அது ஆபத்து. பிப்ரவரி தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரைதான் நான் எல்லோருக்கும் சொல்கிற காலம்.

அடுத்தது இடம். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை, இதே மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். மண்ணுக்குள் போனவர்களில் பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு வேறு இடம் கிடைத்திருக்கவில்லை. உங்களுக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்க வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

சரிவைப் பார்ப்பது பெரிய வித்தை கிடையாது. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். நாலு மணிக்குப் பிறகு வந்து இடம் தேடினால் பனிமூட்டத்தில் எதுவும் தெரியாது. கூடாரம் போடப்போகிற இடத்துக்கு மேலே நூறடியாவது ஏறிப் பாருங்கள். தேயிலைக்குள் சரிவுக்குக் குறுக்கே வெட்டியிருக்கும் கான்கள் (வடிகால்கள்) தூர்ந்துபோய்ப் புல் முளைத்திருந்தால், மழைத் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு மண்ணுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். மரங்களின் அடிப்பகுதி சரிவுப் பக்கம் சாய்ந்து, பிறகு வளைந்து நிமிர்ந்திருந்தால் மண் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது. நிலத்தில் பிறை வடிவ வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, சாய்ந்த மின்கம்பம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மூட்டையைக் கட்டுங்கள்.

பிறகு பக்கத்து லயத்தில் வயதான ஒருவரைத் தேடிப் போய், "தாத்தா, பெருமழைக்கு இந்த இடத்தில் தண்ணீர் எந்த வழியாக வரும்?" என்று கேளுங்கள். நாற்பது ஐம்பது வருடம் அந்த மலையில் நடந்தவர் கையை நீட்டிக் காட்டுவார். எந்த வரைபடமும் அவ்வளவு நெருக்கமாகச் சொல்லாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினாலே மஞ்சள் வரும். அங்கே குடியிருப்பவர்களுக்கு அது விழிப்பாக இருக்கச் சொல்லும் எச்சரிக்கை. கூடாரத்தில் படுக்கிறவர் அதைத் திரும்பிப் போகச் சொல்வதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேலேயும் பாருங்கள். நிழலுக்கு நிற்கும் சவுக்கு மரமும் யூகலிப்டஸும் காற்றில் கிளையை முறித்துப் போடும், அவற்றின் கீழே படுக்காதீர்கள். மரக்கிளை, பாறை இடுக்கு, மண் திட்டு எங்கும் குளவிக்கூடு இருக்கலாம். கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாத மாதம் மலையகத்தில் இல்லை. கூடு கண்ணில் பட்டால் சத்தம் போடாமல் விலகி, வெகு தூரத்தில் இடம் பாருங்கள். பலமுறை கொட்டு வாங்கியவரை, நன்றாகத்தான் இருக்கிறார் என்று உட்கார வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990க்கு அழைத்தால் இலவச ஆம்புலன்ஸ் வரும். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்று சரியாகச் சொல்ல, வந்தவுடனேயே அந்தப் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தேயிலை மலை பொது நிலம் கிடையாது. தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், வனப்பகுதியானால் வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இந்த அலைச்சல் வேண்டாம் என்பவர்கள் தனியார் நிலத்தில் மரத்தளமும் கட்டில் மெத்தையும் போட்டுத் தரும் சொகுசுக் கூடாரத்துக்குப் போகலாம். சின்னப் பிள்ளைகளோ வயதானவர்களோ கூட வந்தால் அதுவே நல்லது. முன்பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகள் கேளுங்கள். கூடாரத்துக்குப் பின்னால் வெட்டிய மண் சுவர் இருக்கிறதா, இருந்தால் அதற்குக் கல்கட்டு உண்டா? இரவில் பொறுப்பான ஆள் தங்குவாரா? வாகனம் கடைசி வரை போகுமா, மழையிலும் போகுமா? கட்டணம் ஆளுக்கா, கூடாரத்துக்கா? அழகான படம் அனுப்புகிறவரிடம் கூடாரத்தின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

குளிரைப் பற்றிக் கொழும்புக்காரர்கள் போடும் கணக்கு எப்போதும் குறைவுதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை பாகை செல்சியஸ் குறையும். பக்கத்தில் இருக்கும் ஒஹிய ரயில் நிலையம் 1,774 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பு 30 பாகையில் வேகும்போது அங்கே பகலிலேயே 18, 19தான். தெளிந்த பிப்ரவரி இரவில் இன்னும் நன்றாக இறங்கிவிடும். போர்வையை எல்லாம் மேலே போட்டுக்கொண்டு நடுங்குவார்கள், ஏனென்றால் உடம்புச் சூட்டை அதிகமாக இழுப்பது கீழே இருக்கும் மண். தரையில் தார்ப்பாய், அதன் மேல் பழைய அட்டைப்பெட்டி மடித்து இரண்டு அடுக்கு, அதன் மேல் பஞ்சுப்பாய், கடைசியில் கம்பளி. படுக்கப் போகும்போது பகலில் போட்ட சட்டையைக் கழற்றிவிட்டுக் காய்ந்ததை மாற்றுங்கள். வியர்வையில் நனைந்த துணி நடுராத்திரியில் குளிரும்.

கூடாரத்தின் குறுகிய பக்கம் காற்றைப் பார்க்கட்டும். தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும். காற்றோட்டத் துளைகளைக் குளிருக்குப் பயந்து அடைக்காதீர்கள். அடைத்தால் மூச்சின் ஈரம் துணியில் படிந்து, விடியும்போது உள்ளேயே சொட்டும். கரி அடுப்பையோ தணலையோ கூடாரத்துக்குள் கொண்டுவரவே கூடாது. அந்தப் புகையில் கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத கார்பன் மோனொக்சைடு தூங்குகிறவரை எழுப்பாமலேயே கொன்றுவிடும்.

மானாப்புல் காய்ந்து நிற்கும் காலத்தில் வெளியிலும் தீ மூட்ட வேண்டாம். ஒரு பொறி போதும், மலை முழுவதும் பற்றும். சின்ன கேஸ் அடுப்பு கொண்டுவாருங்கள். பியூட்டேன் குளிரில் சரியாக ஆவியாகாது, அதனால் விடியற்காலையில் சுடர் மங்கும். குப்பியை இரவு சட்டைக்குள் சுற்றித் தலைமாட்டில் வைத்தால் தேநீருக்குத் தயாராக இருக்கும். ஒஹிய உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். கடலை, பயறு எல்லாம் வேக நேரமாகும். தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல், இஞ்சி போட்ட பிளேன்டி, இவை இருந்தால் வேறு சமையலே வேண்டாம் என்பது என் கருத்து. மீதிச் சாப்பாட்டை வெளியே வைக்காதீர்கள். அதற்கு நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும்.

குடிதண்ணீரில் ஒரு விஷயம். தேயிலைக்கோ மரக்கறித் தோட்டத்துக்கோ கீழே ஓடும் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அதில் கலந்த பூச்சி மருந்து போகாது. காட்டிலிருந்து நேரே வந்து விழும் ஊற்றுத் தண்ணீரை, அதாவது பீலித் தண்ணீரைப் பிடியுங்கள், அதையும் கொதிக்க வைத்தே குடியுங்கள். பீலிக்கரையில் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தால் தூரத்தில் நின்று காத்திருங்கள்.

ராத்திரி ஒலிபெருக்கியும் வேண்டாம். கீழே லயத்தில் இருக்கிற அக்காமார் இருட்டோடு எழுந்து, ரொட்டி சுட்டுப் பிள்ளைகளைக் கிளப்பிவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். கூடையோடு நிற்பவரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள்.

திரும்பும் நாளில் வெயில் ஏறி வெளித்துணி காய்ந்த பிறகே கூடாரத்தை மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் கொழும்புச் சூட்டில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். குப்பையை உங்கள் வாகனத்திலேயே கொண்டுபோங்கள். தோட்டத்தில் குப்பை எடுக்க வண்டி வராது. ஹப்புத்தளைக்குக் கீழே இருக்கும் பெரகலைச் சந்தி வழியாக இறங்குகிறவர்கள் பிற்பகல் இரண்டு மணிக்குள் புறப்பட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு வளைவுகளில் மூடுபனி இறங்கும். அதில் உயர் விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். விளக்கைத் தாழ்த்தி, கண்ணாடியை இறக்கி, ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்துக்கொண்டு போங்கள்.