கோஸி மிஸ்டரி எழுத ஆசையா? இங்கிருந்து தொடங்குங்கள்

கோஸி மிஸ்டரியில் கொலை உண்டு, ரத்தக்களரி கிடையாது. சின்ன ஊர், ஒருவரையொருவர் தெரிந்த மனிதர்கள், போலீஸ் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் துப்பறிவார். இதை எழுதக் கற்றுத்தரும் வீடியோக்கள் ஏராளம். அவற்றை அப்புறம் பார்க்கலாம். முதலில் வேண்டியது ஒரு பழைய நாவலும் ஒரு நோட்டும்.

படி 1: ஒரு நாவலைப் பிரித்துப் போடுங்கள்

அன்னா கேத்தரின் கிரீன் 1897-ல் எழுதிய 'தட் அஃபேர் நெக்ஸ்ட் டோர்' புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசம். நியூயார்க்கில் வசிக்கும் அமீலியா பட்டர்வொர்த், திருமணமாகாத நடுத்தர வயதுப் பெண்மணி. பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டுக்குள் நள்ளிரவில் ஓர் ஆணும் பெண்ணும் நுழைவதை ஜன்னல் வழியே பார்க்கிறார். மறுநாள் அங்கே கவிழ்ந்து கிடக்கும் அலமாரிக்கு அடியில் ஒரு பெண்ணின் பிணம். நடை கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை கதைக்காகப் படியுங்கள். கொலையாளி தெரிந்த பிறகு மறுபடி படிக்கும்போது நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: துப்பு எங்கே வந்தது, அப்போது நம் கவனம் எதன்மேல் இருந்தது, அதன் உண்மையான அர்த்தம் எப்போது புரிந்தது. நடுக் கட்டத்தை நிரப்பத்தான் நேரம் பிடிக்கும். தொழில் ரகசியமும் அங்கேதான் இருக்கிறது. நாவல் மலைப்பாக இருந்தால், அதே தளத்தில் செஸ்டர்டன் எழுதிய, ஒரு பாதிரியார் துப்பறியும் ஃபாதர் பிரவுன் சிறுகதைகளை எடுங்கள்.

படி 2: விதிகளை ஒரு தடவை பாருங்கள்

ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-ல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். எல்லாமே இன்றைக்குப் பொருந்தாது. குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்ட வேண்டும், கிடைத்த துப்பை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்ற இரண்டை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 3: சட்டத்தைத் திறந்து பாருங்கள்

உங்கள் கதை இந்தியாவில் நடக்கிறதா? இதைத் தவிர்க்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடக்கும் கொலைக்கு இன்ஸ்பெக்டர் "302" என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவைச் சொல்லி வசனம் பேசினால் தப்பு. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது பிரிவு 103. சட்டங்கள் முழுவதும் அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அங்கே குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 194-ஐத் தேடிப் படியுங்கள். சந்தேக மரணம் நடந்த இடத்தில், அக்கம்பக்கத்து மரியாதைப்பட்டவர்கள் இரண்டு பேராவது முன்னிலையில் போலீஸ் பிரேத விசாரணை நடத்த வேண்டும். காயங்களை விவரித்து, சாவுக்கு வெளிப்படையாகத் தெரியும் காரணத்தை அறிக்கையில் எழுத வேண்டும். அதை ஒப்புக்கொள்பவர்கள் கையெழுத்துப் போடுவார்கள்.

போலீஸ் அல்லாத ஒருவரைப் பிணத்துக்குப் பக்கத்தில் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் இந்த வகைக் கதையின் பெரிய தலைவலி. இங்கே சட்டமே வழிவிடுகிறது! எதிர்வீட்டு ரிட்டயர்டு டீச்சரைச் சாட்சியாகக் கூப்பிடட்டும். மற்றவர்கள் கையெழுத்துப் போட, அவர் மட்டும் "எனக்கு இது சரியாப் படலை சார்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தால் முதல் அத்தியாயம் தயார்.

படி 4: கொலையாளியின் நாட்குறிப்பை எழுதுங்கள்

குற்றம் நடந்த நாளை, கொலையாளியின் பக்கமிருந்து மணிவாரியாக எழுதுங்கள். அவர் எங்கெங்கே பொய் சொல்ல வேண்டியிருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு துப்பு பிறக்கும். கதையை இதற்குப் பிறகு தொடங்கினால் போதும்.

படி 5: கூட்டாளிகளைத் தேடுங்கள்

ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு, 1986-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'சிஸ்டர்ஸ் இன் க்ரைம்' என்ற குற்றக்கதை எழுத்தாளர்கள் அமைப்பு உதவும். அதன் 'கப்பீஸ்' கிளை, இன்னும் புத்தகம் வெளிவராதவர்களை மனதில் வைத்துத் தொடங்கப்பட்டது. 'மாலிஸ் டொமஸ்டிக்' என்ற அமைப்பு மேரிலாந்தில் ஆண்டு மாநாடு நடத்தி, இந்த வகைக் கதைகளுக்கு அகதா விருதுகள் வழங்குகிறது; நாவல் வெளிவராத எழுத்தாளர்களுக்கு நிதியுதவித் திட்டமும் வைத்திருக்கிறது.

தமிழில் எழுதினால், துப்பறியும் கதை பிடித்த இரண்டு நண்பர்கள் போதும். பிரதியைக் கொடுக்கும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் யார் மேல் சந்தேகம் வந்தது என்று ஓரத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு பேரும் பத்தாம் பக்கத்திலேயே சரியான ஆளைப் பிடித்துவிட்டால், படி 1-ன் நடுக் கட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு துப்புகளை வேறு இடங்களுக்கு மாற்றுங்கள்.