வாடையில் வெளுத்த கிட்டார்

பலா மரத்தில் உடல், 648 மில்லிமீற்றர் தந்தி நீளம். நான்கு மாதம் செதுக்கியதை மார்கழியில் ஒரே மாலையில் கெடுத்துக்கொண்டேன். மழை சற்று விட்டிருந்தது. திருகோணமலை உப்புவெளி வீட்டு விறாந்தையில் வைத்து, மரத்துக்குப் பளபளப்புத் தரும் நைட்ரோ லாக்கர் பூச்சைத் தெளித்தேன். சில நிமிடங்களில் பலாவின் மஞ்சள் வைரத்தின் மேல் பால் ஊற்றியதுபோல வெள்ளை மூட்டம் படர்ந்தது. நெஞ்சு பதறிவிட்டது.

சுரண்டி எடுக்க அரத்தாளைத் தூக்கியபோது, அயலில் தளபாடம் செய்யும் ஐயா தடுத்தார். "மரத்தில் பழுதில்லை, தம்பி. எல்லாம் காற்றின் ஈரம்." லாக்கரை இளக்கக் கலக்கும் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, அதில் படியும் ஈரம் பூச்சுக்குள் சிக்கி வெளுக்கிறது.

மூன்று நாள் பொறுத்தேன். வெயில் ஏறிய முற்பகலில், மெதுவாக உலரும் ரிட்டார்டர் தின்னரை மட்டும் பனிபோலத் தெளித்தேன். பூச்சு இளகியது. விளிம்பிலிருந்து மூட்டம் விலக விலக, பலாவின் ரேகைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அந்தக் காட்சியை மறக்கவே மாட்டேன்.

மீதிப் பூச்சுகளை மெல்லியதாக, வெயிலில் மட்டும் அடித்தேன். ஒரு மாதம் காயவிட்டு, 1000, பிறகு 2000 இலக்க அரத்தாளால் நீர் தொட்டுத் தேய்த்தேன். அடுத்த கிட்டாருக்கு மரம் தயார். லாக்கர் மட்டும் வாடை ஓய்ந்து, வறண்ட கச்சான் காற்று வந்த பிறகுதான்.