முதல் நாவல் திரும்பி வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு என் முதல் நாவலின் கணினி அச்சுப்படி கூரியரில் திரும்பி வந்தது. உடனிருந்த தாளில், இப்போதைக்கு இதை வெளியிட இயலவில்லை என்ற ஒரு வரியும் ஒரு கையெழுத்தும் மட்டுமே இருந்தன. அந்த வரியில் இல்லாத காரணங்களையெல்லாம் நானே கற்பித்துக்கொண்டேன். நான் வெளியூர்க்காரன், பரிந்துரைக்க ஆளில்லாதவன், நாவலில் வரும் கொலுசுப் பட்டறைப் பேச்சு அவர்களுக்குப் பிடிபட்டிருக்காது என்றெல்லாம் மனம் அடுக்கிக்கொண்டே போயிற்று. முதல் நாவலோடு அலைகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன என்று இப்போது நினைக்கிறேன். மறுப்பு சொன்னதை விட்டுவிட்டு, அது சொல்லாததற்குப் பதில் தேடத் தொடங்கிவிடுகிறோம்.

தமிழ்ப் பதிப்புலகில் பெரும்பாலும் அந்த ஒரு வரிகூட வருவதில்லை. பதிலே வராததை மறுப்பு என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. நம்முடைய சிறு பதிப்பகங்கள் பலவற்றில் கைப்பிரதியைப் படிப்பவரும், மெய்ப்புப் பார்ப்பவரும், பார்சல் கட்டுபவரும் ஒருவராகவே இருப்பார். 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலையொட்டி வருவதால், அதற்கு முந்தைய மூன்று நான்கு மாதங்கள் அவர்கள் புதிய கைப்பிரதி எதையும் திறக்கும் நிலையில் இருப்பதில்லை. அக்டோபரில் அனுப்பிவிட்டு டிசம்பரில் மனமொடிந்து போவதைவிட, பிப்ரவரிக்குப் பிறகு அனுப்புவது நல்லது. மூன்று நான்கு மாதம் பொறுத்திருந்து ஒரே ஒரு சுருக்கமான கடிதம் எழுதிக் கேட்கலாம். வாராவாரம் தொலைபேசியில் அழைப்பது யாருக்கும் உதவாது.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் நண்பர் ஒருவர், பதிலில்லாமல் ஓராண்டு காத்திருந்து, எழுதுவதையே நிறுத்திவிட்டார். பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஒரு நாள் கீழே சேலத்துக்கு வந்தவர், என் வீட்டுக் கணினியில் தம் மின்னஞ்சலைத் திறந்தார். தேவையற்ற அஞ்சல்கள் சேரும் பெட்டியில், பதிப்பகத்தின் கடிதம் பத்து மாதமாகக் கிடந்தது: “உங்கள் கோப்பில் எழுத்துகள் தெரியவில்லை, யூனிகோடில் மாற்றி அனுப்ப முடியுமா?” எல்லாக் கணினிகளிலும் தெரியும் யூனிகோடுக்குப் பதிலாக, அவர் பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பியிருந்தார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் நாவல் முழுவதும் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரிந்திருக்கும். யாரும் ஒரு வரிகூடப் படிக்காத நாவலுக்காக அவர் ஓராண்டு வருந்தியிருந்தார். யூனிகோடில் ஒரு கோப்பும், பிடிஎஃப்பாக ஒரு கோப்பும் சேர்த்து அனுப்புவது எளிய வேலை. அதைச் செய்யாமல் மறுப்பைப் பற்றி யோசிப்பதில் பயனில்லை.

அடுத்தது, பதிப்பாளரின் பொருளாதாரத்தை நம் எழுத்தின் மீதான தீர்ப்பாகப் படிப்பது. அறிமுகமில்லாத ஒருவரின் முதல் நாவலைச் சில நூறு படிகள் அச்சிட்டாலும் அந்தப் பணம் திரும்பி வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம். அரசு நூலகங்களுக்கான கொள்முதல் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று உறுதி சொல்ல முடியாது. “இந்த ஆண்டு நாவல் எடுப்பதில்லை” என்று ஒருவர் சொன்னால், அதற்கு அந்தப் பொருளை மட்டுமே கொள்ள வேண்டும். வட்டார வழக்கில் எழுதுவதால்தான் மறுக்கிறார்கள் என்று நம் பக்கத்துக்காரர்கள் அடிக்கடி சொல்லும் குறையும் எனக்கு இப்போது ஏற்புடையதாக இல்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ கொங்குப் பேச்சோடு 1942இலேயே அச்சேறியது. மொழியின் மேல் பழியைப் போட்டுவிட்டால், கதையில் எங்கே தொய்வு என்று பார்க்கும் வேலையிலிருந்து தப்பித்துக்கொள்கிறோம். அந்த இழப்பு நமக்குத்தான்.

அதை நான் தாமதமாகவே கற்றுக்கொண்டேன். திரும்பி வந்த கட்டை அப்படியே பரண்மேல் போட்டிருந்தேன். ஆறேழு மாதம் கழித்து இறக்கியபோதுதான் ஓரங்களில் மெல்லிய பென்சில் குறிகள் இருப்பதைக் கவனித்தேன். எழுத்துப்பிழைக்கு ஒரு சுழி, ஓர் உரையாடலுக்குப் பக்கத்தில் சிறிய டிக், ஒரு பத்திக்கு எதிரே கேள்விக்குறி என்று 61ஆம் பக்கம் வரை வந்திருந்தன. 62இலிருந்து தாள்கள் கடையிலிருந்து வாங்கியதைப் போலவே இருந்தன. பட்டறையில் தீச்சுடரின் முன் குனிந்து கொலுசுக் கண்ணிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்த பெண்ணை அந்த இடத்தில் அப்படியே விட்டுவிட்டு, சேலத்து வெள்ளித் தொழிலின் வரலாற்றைப் பதினான்கு பக்கங்களுக்குச் சொல்லியிருந்தேன். படித்தவர் அங்கே நின்றுவிட்டார். அந்த ஒற்றை வரிக் கடிதத்தைவிடத் தெளிவான பதில் அந்தப் பென்சிலில் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஒருவர் முடிவு பிடிக்கவில்லை என்றதும் முடிவை மாற்றி, இன்னொருவர் பக்கம் அதிகம் என்றதும் பாதியை வெட்டி, மூன்றாவது ஆளிடம் போகும்போது நாவல் யாருடையது என்றே தெரியாமல் ஆகிவிடும். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த இடத்தைக் கட்டாயம் திருத்துங்கள். ஒருவர் மட்டும் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டு ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். வீட்டாரையும் நெருங்கிய நண்பர்களையும் மட்டும் நம்பி இதை முடிவு செய்யக் கூடாது. அவர்கள் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே படிப்பவர்கள்.

கோபம் ஆறுவதற்குள் பணம் கொடுத்துவிடுவதுதான் மிகுந்த சேதம் விளைவிப்பது. சொந்தச் செலவில் வெளியிடுவதில் இழிவு எதுவுமில்லை. ஆனால், மறுப்பு வந்த வாரத்திலேயே முன்பணம் கட்டி, ஆயிரம் படிகளைக் கட்டிலுக்கடியில் அடுக்கியவர்களை எனக்குத் தெரியும். தேவைக்கேற்ப ஐம்பது நூறு படிகள் அச்சிட இன்று வழியிருக்கிறது. நூலுக்கான அடையாள எண்ணாகிய ஐ.எஸ்.பி.என்.னுக்கு இந்தியாவில் அரசு கட்டணம் வாங்குவதில்லை. அதற்கென்று யாராவது பெருந்தொகை கேட்டால் கணக்கை நிதானமாகப் பாருங்கள். ஒப்பந்தம் இல்லாமல் கைப்பிரதியை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். யாராவது ஒருவர் ஏற்றுக்கொண்டாரே என்ற நன்றியில், நிரந்தர உரிமை என்று எழுதியிருப்பதைப் படிக்காமல் கையெழுத்திடுவதும் மறுப்பின் காயத்தால் செய்யப்படும் தவறுதான்.

மறுத்தவரைப் பற்றி முகநூலில் எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சேலம் புத்தகத் திருவிழாவில் அதே மனிதர் அடுத்த அரங்கில் நின்றுகொண்டிருப்பார்.

அந்தப் பதினான்கு பக்கங்களை எடுத்துவிட்டு, பற்றவைக்கும் பெண்ணின் கை நடுக்கத்திலிருந்து நேராகக் கதையைத் தொடர்ந்தேன். திருத்திய படியைப் படித்த அடுத்த பதிப்பாளரும் வேண்டாம் என்றுதான் சொன்னார். தொலைபேசியை வைப்பதற்கு முன், “அந்தப் பொண்ணு மறுபடி பட்டறைக்குப் போனாளா, இல்லையாங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வி எழுவது நாவலின் கடைசிப் பக்கத்தில்.